அங்கீகாரம் என்று அச்சடிக்கும் முன்: மருத்துவப் படிப்பு முகவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வெளிநாட்டு மருத்துவக் கல்லூரிகளுக்குச் சிங்கப்பூரில் மாணவர் சேர்க்கும் முகவர்களுக்கும், அவர்களின் விளக்கக் கூட்டங்களுக்கு அரங்கும் மேடையும் தரும் நம் தமிழ் அமைப்புகளுக்கும்,

இன்னும் ஒரு மாணவர்கூடப் பட்டம் வாங்கி வெளியே வராத கல்லூரிகளை "முழு அங்கீகாரம் பெற்றவை" என்று அச்சடித்துப் பெற்றோர் கையில் கொடுக்கிறீர்கள். அந்த அங்கீகாரத்தைக் கொடுத்தது யார், எதற்காக, எந்த ஆண்டு வரைக்கும், படித்துவிட்டுத் திரும்பினால் சிங்கப்பூரில் மருத்துவராகப் பதிவு செய்ய முடியுமா? இவற்றில் ஒன்றுக்கும் அந்தத் தாளில் பதில் இல்லை. கேட்டால், "அதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் இடத்தைப் பிடியுங்கள்" என்கிறீர்கள். பெற்றோர் கொண்டுவரும் சேர்க்கைத் தாள்களை வரி வரியாகப் படித்துப் பார்ப்பவர்கள் நாங்கள். இனியும் இதைக் கண்டும் காணாமல் இருக்க முடியாது.

கல்லூரி புதிது என்பது குற்றமில்லை. நம் ஊரிலேயே டியூக்-என்யுஎஸ் மருத்துவப் பள்ளி 2007இல் 26 மாணவர்களோடும், நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் லீ கொங் சியான் மருத்துவப் பள்ளி 2013இல் 54 மாணவர்களோடும் தொடங்கின. அவற்றின் முதல் பேட்ச் மாணவர்கள் கண்ணை மூடிக்கொண்டு சேரவில்லை. முதலாவதன் பட்டத்தில் டியூக் பல்கலைக்கழகத்தின் பெயரும், இரண்டாவதன் பட்டத்தில் லண்டன் இம்பீரியல் கல்லூரியின் பெயரும் இருந்தன. லீ கொங் சியான் மாணவர்கள் பயிற்சிக்குப் போன டான் டோக் செங் மருத்துவமனை 1844இல் தொடங்கியது. கல்லூரிதான் புதிது, பட்டத்துக்குப் பின்னால் நின்றவர்களும் நோயாளிகள் வந்து நிறையும் வார்டுகளும் பழையவை. நீங்கள் விற்கும் புதிய கல்லூரிகளில் இந்த இரண்டில் எது பழையது என்று சொல்லுங்கள். இரண்டும் புதிது என்றால் அதையும் சொல்லுங்கள்.

முதலில் சிங்கப்பூர்ப் பதிவைப் பற்றி. வெளிநாட்டில் பெற்ற அடிப்படை மருத்துவப் பட்டத்தைக் கொண்டு இங்கு பணியாற்ற வேண்டுமானால், அந்தப் பட்டம் மருத்துவப் பதிவுச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் இருக்க வேண்டும். 2019 ஏப்ரலில் சுகாதார அமைச்சு அந்தப் பட்டியலை 160 கல்லூரிகளிலிருந்து 103ஆகக் குறைத்தது. 2020 ஜனவரி 1 முதல் அது நடப்புக்கு வந்தது. 2025 பிப்ரவரியில் எண்ணிக்கை 112ஆக உயர்ந்தது. எதை வைத்துத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பது 2019இலேயே சொல்லப்பட்டது: உள்நாட்டு, பன்னாட்டுத் தரவரிசை, அந்தக் கல்லூரியிலிருந்து வந்து இங்கு வேலை செய்யும் மருத்துவர்களின் செயல்திறன்.

இதைப் புதிய கல்லூரிக்குப் பொருத்திப் பாருங்கள். முதல் பேட்ச் வெளியே வரவே ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். பட்டதாரியே இல்லாத கல்லூரிக்குச் சொல்லிக்கொள்ளும்படியான தரவரிசை இருக்காது. பட்டியலில் இல்லாத கல்லூரியில் படித்தவர் அந்தப் பட்டத்தோடு இங்கு வேலைக்கு வர முடியாது என்பதால் செயல்திறனைக் காட்டவும் வழி கிடையாது. அப்படியிருக்க, "நம்ம கல்லூரி இன்னும் ரெண்டு வருஷத்துல சிங்கப்பூர் லிஸ்ட்டில் வந்துவிடும்" என்ற உறுதியை நீங்கள் எதை வைத்துக் கொடுக்கிறீர்கள்? அப்படி ஓர் உறுதியைத் தரும் அதிகாரம் கல்லூரிக்கும் இல்லை, உங்களுக்கும் இல்லை. 2020இல் பட்டியலிலிருந்து நீக்கப்பட்ட கல்லூரிகளில் ஏற்கெனவே சேர்ந்திருந்த சிங்கப்பூர் மாணவர்களுக்குப் பாதுகாப்பு கொடுக்கப்பட்டது. பட்டியலில் ஒருநாளும் இடம்பெறாத கல்லூரியில் சேர்ந்தவருக்கு அந்தப் பாதுகாப்பு எங்கிருந்து வரும்?

இன்னொரு வழக்கமும் உங்களிடம் இருக்கிறது. பல்கலைக்கழகத்தின் பெயர் பட்டியலில் இருந்தால், வேறு நாட்டில் அது புதிதாகத் திறந்த கிளையையும் அதே பெயரில் விற்றுவிடுகிறீர்கள். பல கல்லூரிகளை இணைத்துக்கொண்ட பல்கலைக்கழகத்தில் ஒரு கல்லூரிக்குக் கிடைத்த ஏற்பு மற்றொன்றுக்குத் தானாக வந்து சேராது. தேட வேண்டியது, பட்டச் சான்றிதழில் எந்தப் பெயர், எந்த வளாகம் என்று அச்சாகுமோ அதை. பட்டியலில் பெயர் இருந்தாலும் அதோடு முடியவில்லை: இங்குள்ள மருத்துவமனை வேலை கொடுக்க முன்வர வேண்டும், அதன் பிறகு சில ஆண்டுகள் மேற்பார்வையின்கீழ், நிபந்தனைப் பதிவில் பணியாற்ற வேண்டும். ஏற்கப்பட்ட முதுநிலைத் தகுதியோடு பின்னாளில் திரும்பும் பாதை ஒன்றும் உண்டு. அது 18 வயதுப் பிள்ளையிடம் "கவலைப்படாதே" என்று காட்டுவதற்கான பாதை அல்ல.

"உலகச் சுகாதார நிறுவனம் அங்கீகரித்தது" என்ற வரியைத் தயவுசெய்து இன்றே அழித்துவிடுங்கள். உலகச் சுகாதார நிறுவனம் எந்த மருத்துவக் கல்லூரிக்கும் அங்கீகாரம் கொடுப்பதில்லை. இப்போது இருப்பது உலக மருத்துவப் பள்ளிகளின் விவரக் கையேடு. அதில் பெயர் இருந்தால் அப்படி ஒரு கல்லூரி இருக்கிறது என்று பொருள். தரத்துக்கு அது சான்று அல்ல என்று அந்தக் கையேடே சொல்கிறது. அதேபோல உலக மருத்துவக் கல்விக் கூட்டமைப்பு கல்லூரிகளை ஏற்பதில்லை. ஒரு நாட்டின் தரமதிப்பீட்டு அமைப்பைத்தான் ஏற்கிறது. இந்தியாவின் தேசிய மருத்துவ ஆணையத்துக்கு 2023இல் பத்தாண்டுகளுக்கு அந்த ஏற்பு கிடைத்தது. அந்த ஏற்பைச் சென்ற ஆண்டு திறந்த ஒரு கல்லூரியின் பெருமையாக எழுதுவது பொய்.

இந்தியாவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நம் பெற்றோரில் பலர் மனம் போவது அங்கேதான். தவறான தகவல் அதிகம் புழங்குவதும் அங்கேதான்.

"நீட் எழுதத் தேவையில்லை, வெளிநாட்டுக் குடிமகன்தானே" என்று சொல்லாதீர்கள். இந்தியாவில் எம்பிபிஎஸ் சேர, வெளிநாட்டுக் குடிமக்களும் ஓசிஐ அட்டை (இந்திய வம்சாவளி வெளிநாட்டுக் குடிமக்களுக்கு இந்தியா தரும் அட்டை) வைத்திருப்பவர்களும் வெளிநாடுவாழ் இந்தியர்களும் நீட் தேர்வில் தகுதி பெற வேண்டும். சிங்கப்பூரிலேயே தேர்வு மையம் இருக்கிறது. மொத்தம் 180 கேள்விகள், 720 மதிப்பெண். அதில் பாதி, 90 கேள்விகள், உயிரியல்.

இதில் நம் தொடக்கக் கல்லூரி மாணவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. எந்த விளக்கக் கூட்டத்திலும் அது சொல்லப்படுவதில்லை. மேல்நிலை முடித்ததும் சேரக்கூடிய உள்ளூர் மருத்துவப் பள்ளிகளுக்கு எச்2 (மேல்நிலையின் முழுப் பாட நிலை) வேதியியலோடு எச்2 உயிரியல் அல்லது இயற்பியல், இரண்டில் ஒன்று இருந்தால் போதும். அதனால் மருத்துவம் படிக்க நினைக்கும் பிள்ளைகள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைத்தான் எடுக்கிறார்கள். நீட் தகுதிக்கோ இயற்பியல், வேதியியல், உயிரியல் அல்லது உயிரித் தொழில்நுட்பம், ஆங்கிலம் ஆகிய எல்லாமே மேல்நிலையில் படித்திருக்க வேண்டும். உயிரியலில் ஏ வாங்கிய பிள்ளைக்கு இயற்பியல் இல்லை என்பது, முன்பணம் கட்டிய பிறகு, சிங்கப்பூர்ப் படிப்பு இந்திய மேல்நிலைக்கு ஈடு என்று காட்டும் சமநிலைச் சான்றிதழுக்கு இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கத்தில் விண்ணப்பிக்கும்போதுதான் தெரியவருகிறது. விடுபட்ட பாடத்தைத் தனியாக எழுதித் தேற 2023 நவம்பரிலிருந்து ஆணையம் இடம் தருகிறது. ஆனால் அதற்கு ஒரு வருடம் போய்விடலாம். பிள்ளையின் பாடச் சேர்க்கையைக் கேட்க உங்களுக்கு ஒரு நிமிடம் ஆகுமா? அதை முதல் கேள்வியாக வையுங்கள்.

"இடம் ஒதுக்கி வைத்திருக்கிறோம்" என்பதும் அப்படித்தான். நிகர்நிலைப் பல்கலைக்கழக இடங்கள் மத்தியக் கலந்தாய்வுக் குழு வழியாகவும், மாநிலத்துத் தனியார் கல்லூரி இடங்கள் மாநிலக் கலந்தாய்வு வழியாகவும் நிரப்பப்படுகின்றன. கலந்தாய்வுக்கு வெளியே முகவர் ஒருவர் எடுத்துக் கொடுக்க இடம் என்று எதுவும் கிடையாது. ஓசிஐ அட்டையைப் பொறுத்தவரை, இந்திய உள்துறை அமைச்சின் 2021 மார்ச் 4 அறிவிப்பு அட்டைதாரர்களை வெளிநாடுவாழ் இந்தியர் ஒதுக்கீட்டுக்குள் நிறுத்தியது. அந்தத் தேதிக்கு முன்பே அட்டை பெற்றவர்களுக்கு அது பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2023 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. ஆகவே ஒரே வீட்டில் அண்ணனுக்குப் பொருந்தும் விதி தம்பிக்குப் பொருந்தாமல் போகலாம். அட்டை கிடைத்த தேதியைப் பார்த்து எந்த ஒதுக்கீடு என்று உறுதிசெய்யாமல் கட்டணத்தைச் சொல்வது முறையல்ல.

புதிய கல்லூரிக்கு வருவோம். இந்தியாவில் அது அனுமதிக் கடிதத்தோடு தொடங்கும். முதல் பேட்ச் இறுதித் தேர்வு எழுதும்வரை அந்த அனுமதி ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டும். அந்தத் தேர்வை ஒட்டி நடக்கும் ஆய்வுக்குப் பிறகுதான் பட்டத்துக்கு முறையான ஏற்பு. நீங்கள் காட்டும் தாள் பெரும்பாலும் முதல் ஆண்டு அனுமதிக் கடிதம்தான். 2023ஆம் ஆண்டு விதிகளின்படி 50 இடங்களுக்கு 220 படுக்கைகள், 100 இடங்களுக்கு 420, 150 இடங்களுக்கு 605 படுக்கைகள் உள்ள மருத்துவமனை வேண்டும். விண்ணப்பிப்பதற்கு முன்பே அது குறைந்தது இரண்டு ஆண்டுகள் முழுமையாக இயங்கியிருக்க வேண்டும். தாளில் இந்த எண்கள் எல்லாம் சரியாகவே இருக்கும். ஆனால் படுக்கை வேறு, படுக்கையில் நோயாளி வேறு.

முதல் ஆண்டு எந்தப் புதிய கல்லூரியிலும் நன்றாகவே போகும். உடற்கூறியல் கூடம், ஆய்வகம், விரிவுரை அறை இவை இருந்தால் அந்த ஆண்டை ஓட்டிவிடலாம். கட்டடம் புதிது, நாற்காலி புதிது, மாணவர் கூட்டம் குறைவு, பேராசிரியருக்குப் பெயர் சொல்லி அழைக்கத் தெரியும். அதனால்தான் உங்கள் காணொளிகளில் பேசுபவர்கள் எல்லாரும் முதலாண்டு மாணவர்களாக இருக்கிறார்கள். சிக்கல் தெரியத் தொடங்குவது வார்டுக்குள் நுழையும்போது. காலையில் வெளிநோயாளி வரிசை இல்லை. பிரசவ அறையில் மாணவர் கண்ணால் பார்க்கும் எண்ணிக்கைக்குப் பிரசவம் இல்லை. அறுவை சிகிச்சைப் பட்டியல் இரண்டு பேரோடு முடிந்துவிடுகிறது. கேட்பதற்கு மேல் வகுப்பு மாணவர் யாருமில்லை, திருப்பிப் பார்க்கப் பழைய வினாத்தாள்களும் இல்லை. பேராசிரியர் ஒருவர் விலகினால் அந்தத் துறையே ஆட்டம் காண்கிறது. அடுத்த ஆண்டுப் புதுப்பித்தலை ஆணையம் மறுத்தால் புதிய சேர்க்கை நின்றுபோகும். கட்டண வருமானம் குறையும். உள்ளே இருப்பவர்களின் பயிற்சிதான் முதலில் அடிபடும்.

அரசுக் கல்லூரி என்பதாலும் இந்தச் சிரமம் விலகிவிடுவதில்லை. மதுரை எய்ம்ஸுக்கு 2019 ஜனவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. 2022இல் சேர்ந்த முதல் 50 மாணவர்கள் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரியில்தான் படிக்கத் தொடங்கினார்கள். அந்த ராமநாதபுரம் கல்லூரியும் 2022 ஜனவரி 12 அன்று ஒரே நாளில் திறக்கப்பட்ட 11 கல்லூரிகளில் ஒன்று. இது எல்லாருக்கும் தெரிந்தே, வெளிப்படையாக நடந்தது. மாணவர் தெரிந்து சேர்ந்தார்கள். நாங்கள் உங்களிடம் கேட்பதும் அந்த வெளிப்படைத்தன்மையைத்தான்.

பிரிட்டனில் இதற்கு ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. அங்கு 2018 முதல் ஆஸ்டன், ஆங்கிலியா ரஸ்கின், சண்டர்லாந்து, லிங்கன், எட்ஜ் ஹில், கென்ட் மற்றும் மெட்வே என்று வரிசையாகப் புதிய மருத்துவப் பள்ளிகள் திறந்தன. முதல் பேட்ச் முடிக்கும்வரை பொது மருத்துவ மன்றம் இப்படிப்பட்ட புதிய பள்ளிகளை ஆண்டுதோறும் ஆய்வு செய்கிறது. புதிய பள்ளி தடுமாறினால் மாணவர்களை ஏற்றுக்கொள்ள, அனுபவமுள்ள வேறொரு பள்ளி முன்கூட்டியே பொறுப்பேற்றிருக்க வேண்டும். லிங்கனில் தொடக்க மாணவர்கள் நாட்டிங்ஹம் பல்கலைக்கழகத்தின் பட்டத்துக்கே படித்தார்கள். பிரிட்டனின் புதிய பள்ளி ஒன்றை விற்கும்போது "பொறுப்பேற்ற பள்ளி எது?" என்ற கேள்விக்கு உங்களிடம் பெயரோடு பதில் இருக்க வேண்டும். அங்கு பதிவு கிடைப்பதும் சிங்கப்பூர் அட்டவணையில் இடம் பெறுவதும் தனித்தனி விஷயங்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மலேசியாவிலும் புதிய படிப்புக்கு முதலில் தற்காலிகத் தரச்சான்றுதான். முதல் பேட்ச் இறுதியாண்டை எட்டும்போதுதான் முழுச் சான்றுக்கான மதிப்பீடு நடக்கும். ஜோகூர் பக்கத்தில் இருக்கிறது என்பதற்காக இந்தப் படி குறைந்துவிடாது.

ஆண் பிள்ளைகள் விஷயத்தில் நீங்கள் கொடுக்கும் அவசரம் எங்களுக்குப் புரியவே இல்லை. உள்ளூர் மருத்துவப் பள்ளியில் இடம் கிடைத்தவருக்குத் தேசிய சேவையை இடையில் நிறுத்திவைத்துப் படிக்கப் போக வழி உண்டு. வெளிநாட்டுக் கல்லூரிக்கு அந்தச் சலுகை கிடையாது. இரண்டு ஆண்டு சேவையை முடித்துவிட்டுத்தான் போக முடியும் என்றிருக்க, இந்த வாரமே முன்பணம் எதற்கு? புதிய கல்லூரியைப் பொறுத்தவரை அந்த இரண்டு ஆண்டுகள் மாணவருக்கு லாபம் என்றே சொல்வோம். அவர் சேவையை முடிப்பதற்குள் அந்தக் கல்லூரியின் முதல் பேட்ச் வார்டுக்குள் போயிருக்கும். அனுமதி இரண்டு முறையாவது புதுப்பிக்கப்பட்டிருக்க வேண்டும். கேட்டுத் தெரிந்துகொள்ள மேல் வகுப்பு மாணவர் இருப்பார்கள். "இப்போது கட்டினால்தான் இடம்" என்பது அந்த வாய்ப்பைப் பிள்ளையிடமிருந்து பறிப்பது.

மற்ற பிள்ளைகளுக்கும் காலக்கணக்கு இதுதான். மேல்நிலைத் தேர்வு முடிவு பிப்ரவரி இறுதி வாக்கில் வருகிறது. உள்ளூர்ப் பல்கலைக்கழகங்களுக்கு மார்ச்சில் விண்ணப்பம் முடிகிறது; பதில் மே மாதம்வரை வரலாம். உங்கள் கெடு தேதிகள் சரியாக ஏப்ரலில் வந்து விழுகின்றன. நேர்காணல் பதிலுக்காகக் காத்திருக்கும் பதற்றத்தில் இருக்கும் பெற்றோர் அந்த நேரத்தில் எதிலும் கையெழுத்துப் போடுவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும், எங்களுக்கும் தெரியும். மத்திய சேமநிதியின் கல்விக் கடன் வெளிநாட்டுப் படிப்புக்குப் பொருந்தாது. ஆகவே அந்தப் பணம் கையிருப்பிலிருந்தோ, வீவக வீட்டை விற்றுச் சிறிய வீட்டுக்கு மாறியோ, உறவினரிடம் வாங்கியோ வருகிறது. முதலாண்டுக் கட்டணத்தை மட்டும் பெரிய எழுத்தில் போட்டுவிட்டு, ஆண்டு உயர்வையும் விடுதியையும் தேர்வுக் கட்டணத்தையும் கடைசிப் பக்கத்தில் ஒளித்துவைப்பதை நிறுத்துங்கள்.

எனவே முகவர்களான உங்களிடம் நாங்கள் கேட்பவை இவை.

எந்தக் கல்லூரியை அறிமுகப்படுத்தினாலும், அது திறந்த ஆண்டு, முதல் பேட்ச் பட்டம் பெற்ற அல்லது பெறவிருக்கும் ஆண்டு, பட்டம் வழங்கும் பல்கலைக்கழகம், நடப்பாண்டு அனுமதிக் கடிதத்தின் நகல் ஆகியவற்றை விளம்பரத்தின் முதல் பக்கத்தில் தமிழிலும் ஆங்கிலத்திலும் போடுங்கள்.

"இன்றைய தேதியில் இந்தப் பட்டம் சிங்கப்பூரின் இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது" அல்லது "இல்லை" என்று ஒரே வரியில், தேதியோடு, கையொப்பமிட்டுக் கொடுங்கள். "விரைவில் வரும்" என்ற சொல்லே வேண்டாம்.

பணம் வாங்கும் முன் பிள்ளையின் பாடச் சேர்க்கை, நீட் தகுதி, ஓசிஐ தேதி, தேசிய சேவை நிலை இந்த நான்கையும் எழுத்தில் சரிபாருங்கள். அதில் தவறு உங்களுடையது என்றால் முன்பணத்தை முழுமையாகத் திருப்பித் தருவதாக ஒப்பந்தத்தில் எழுதுங்கள். உள்ளூர்ப் பல்கலைக்கழகங்களின் பதில் வரும்வரை, அதாவது மே இறுதிவரை, திரும்பப் பெற முடியாத தொகை எதையும் வாங்காதீர்கள்.

கல்லூரியிடமிருந்து ஒரு மாணவருக்கு நீங்கள் பெறும் தரகுத் தொகையை வெள்ளிக் கணக்கில் சொல்லுங்கள். அதை வாங்குவதில் எங்களுக்கு மறுப்பில்லை, மறைப்பதில்தான் மறுப்பு.

சேரும் முன், முன்னறிவிப்பின்றி ஒரு வார நாள் காலையில் மருத்துவமனையின் வெளிநோயாளிப் பிரிவையும் வார்டுகளையும் பெற்றோர் பார்க்கக் கல்லூரியிடம் எழுத்துப்பூர்வ ஒப்புதல் வாங்கிக் கொடுங்கள். ஒப்புக்கொள்ளாத கல்லூரிக்கு ஆள் சேர்க்காதீர்கள்.

அமைப்புகளின் பொறுப்பாளர்களே, உங்கள் மண்டபத்தில் நடக்கும் கூட்டத்துக்கு வரும் பெற்றோர் முகவரை நம்பி வருவதில்லை, உங்களை நம்பி வருகிறார்கள். மேலே சொன்ன முதல் பக்க விவரங்களும் அட்டவணை பற்றிய கையொப்பமிட்ட வரியும் கைக்கு வராமல் எந்த மருத்துவச் சேர்க்கைக் கூட்டத்துக்கும் இடம் ஒதுக்காதீர்கள். அந்தக் கூட்டத்திலேயே, முகவருக்குத் தொடர்பில்லாத மருத்துவர் ஒருவருக்குப் பெற்றோரின் கேள்விகளுக்குப் பதில் சொல்ல அரைமணி நேரம் கொடுங்கள். பேச நாங்கள் ஊதியமின்றி வருகிறோம். அடுத்த மேல்நிலைத் தேர்வு முடிவு வெளியாகும் முன் இதற்கு உங்கள் செயற்குழுக்களின் முடிவை எழுத்தில் எதிர்பார்க்கிறோம்.

இப்படிக்கு,
சேர்க்கைத் தாள்களைப் பெற்றோருக்காகப் படித்துப் பார்க்கும் சில மருத்துவர்களும் ஆசிரியர்களும்
சிங்கப்பூர்